ஈஸ்டர் வந்தும் முடியாத ஒருசந்தி

“...அதனால எனக்கு வேணாம்மா, நான் ஒருசந்தி” என்று தட்டைத் தள்ளினாள் என் மகள் மெர்லின். பிளஸ் டூ படிக்கிறாள். ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருக்கும் நோன்பைத்தான் ஒருசந்தி என்போம். எனக்கு ஒரே பெருமை. கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை மட்டும், “என்னக்கா, புள்ள கருவாடா காஞ்சு கெடக்கு. சாமி இவ்வளவா கேட்டுச்சு?” என்றாள். “ஒனக்குப் பொறாமைடி” என்று கேலி செய்து அனுப்பிவிட்டேன்.

ஈஸ்டருக்குப் பிரியாணி வைத்தேன். மெர்லின் தொடவில்லை. மறுநாள் மயங்கி விழுந்தாள். தூக்கினால் கனமே இல்லை.

“இது பக்தி இல்லீங்க, சாப்பாட்டுக்குப் பயப்படுற நோய். இதயத் துடிப்பே கொறைஞ்சிருக்கு. இப்படியே விட்டா உயிருக்கு ஆபத்து” என்றார் டாக்டர். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். “கல்யாண வீட்டுல என்னைப் பூசணிக்கான்னாங்க. நீயும் சிரிச்சம்மா. ஒருசந்தின்னா நீ சாப்பிடச் சொல்ல மாட்டேன்னுதான்...”

மனநல மருத்துவரிடமும் காட்டுகிறோம். இன்னும் தேறவில்லை. ஒவ்வொரு வேளையும் எனக்கு உயிர் போய் வருகிறது. இப்போது எங்கள் வீட்டில் யார் உடம்பைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. டாக்டர் சொன்னபடி, திட்டாமல் கெஞ்சாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன்.

நேற்றும் “வேணாம்மா” என்று தட்டைத் தள்ளினாள். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே தட்டை இழுத்து, ஒரு வாய் எடுத்து, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே விழுங்கினாள்.