மூன்று விடுதிகளின் தண்ணீர்

கோவில்பட்டியைச் சுற்றி இருபது ஊர்த் தண்ணீரை என் நாக்கு அறியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். நான் தபால்காரன். கரிசல் காட்டுப் பாதைகளில் சைக்கிள் மிதித்துக் கடிதமும் மணியார்டரும் கொண்டுபோய்க் கொடுத்தே தலை நரைத்தவன். எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் வந்துவிடும். வாயில் ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றுவேன். நல்லதென்றால் விழுங்குவேன், இல்லையென்றால் யார் வீட்டு வாசலானாலும் துப்பிவிடுவேன். முகம் பார்க்க மாட்டேன். இதனால் சில வீடுகளில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் புதிதாகப் போர்க்குழாய் போட்டால், தண்ணீரைக் குடித்துப் பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு ஒரு நியாயமும் கிடையாது. ஒரே தெருவில் இந்தப் பக்கத்துக் கிணறு இனிக்கும், எதிர்ப்பக்கத்துக் கிணறு கரிக்கும். என் மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு லீவு நாளில் சைக்கிள் கேரியரில் என்னோடு வந்தாள். இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்த்துவிட்டு, "ஏன்ப்பா இது நல்லாருக்கு, அது உப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

"அது அப்படித்தான்."

"அப்படித்தான்னா?"

பதில் தெரியாததால் சைக்கிளை மிதித்தேன். அவளும் அதோடு விட்டுவிட்டாள் என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். நிலவியல் படிக்கப் போகிறேன் என்றாள். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். மண், பாறை, நிலத்தடித் தண்ணீர் பற்றிய படிப்பு என்றாள்.

"கல்லையும் மண்ணையும் படிக்க ஒரு காலேஜா? நம்ம காட்டுல வேற என்னட்டி இருக்கு?" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் படிப்பு, நாங்கள் விசாரித்த வரைக்கும், கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு கல்லூரியில் மட்டும்தான் இருந்தது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. என் மனைவி குளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். உப்பளக் காற்றிலும், முடியைக் கொட்டவைக்கும் உப்புத் தண்ணீரிலும் வளர்ந்தவள். கல்யாணத்தன்றே அவளுக்குச் சவுரி வைத்துத்தான் சடை பின்னினார்கள். இன்றுவரை தன் முடியை எலிவால் என்று தானே சொல்லிக்கொள்வாள். மகளுக்கோ இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு எண்ணெய் தேய்ப்பதும் சிகைக்காய் போடுவதும் என் மனைவிக்கு ஒரு பூசை மாதிரி. அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

"எந்தக் காலேஜ்ல வேணாலும் சேருங்க. உப்புத்தண்ணி ஊருக்கு மட்டும் என் பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இடையில் மாட்டிக்கொண்ட நான் ஒரு சமாதானம் சொன்னேன். மூன்று கல்லூரிகளைப் போய்ப் பார்ப்போம், விடுதித் தண்ணீரை நான் குடித்துப் பார்ப்பேன், எது நல்ல தண்ணீரோ அதில் சேர்வது. கடற்கரைக் கல்லூரியும் அந்த மூன்றில் ஒன்று. மனைவி உடனே ஒத்துக்கொண்டாள், என் நாக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை. மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாள்.

முதலில் திருநெல்வேலிப் பக்கம் போனோம். பெண்கள் விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள். பார்வையாளர் பெஞ்சில் நான் உட்கார்ந்துகொள்ள, மகள் உள்ளே போய் அறைகளைப் பார்த்துவிட்டு, வரும்போது ஒரு டம்ளரில் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தாள். ஆற்றுத் தண்ணீர். ஒரு வாய் குடித்ததும் சொக்கிப்போனேன். "இங்கயே சேந்திரலாம்" என்றேன். என்னென்ன பாடம் இருக்கிறது என்று நான் கேட்கக்கூட இல்லை.

திரும்பும்போது கயத்தாற்றில் பஸ் டீக்கு நின்றது. அங்கேதான் அவளுக்கு வாய் திறந்தது.

"அப்பா, நீங்க காலேஜப் பாக்குதீங்களா, தண்ணியப் பாக்குதீங்களா?"

"ரெண்டையும்தான்."

"ஒண்ணையும் பாக்கல. உங்களுக்கு அம்மா சொன்னதுதான் காதுல நிக்குது. நான் என்ன படிக்கணும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. "வாய மூடிட்டு டீயக் குடி" என்றேன். அவள் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம் என்று எனக்குப் பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல என் வீம்பு விடவில்லை.

இரண்டாவது கல்லூரி சிவகாசிச் சாலையில். போர்த் தண்ணீர், சுமார் ரகம். அங்கே ஆபீசில் பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிக் கேட்டுவிட்டேன். கிளார்க் சிரித்துவிட்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவதாகக் கடற்கரைக் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று நல்ல வெயில். ஜூன் பிறந்தும் எங்கள் பக்கத்தில் வெயில் இறங்கவே இல்லை. எப்போதும்போல மனைவி பழைய கலர் பாட்டில் ஒன்றில் வீட்டுத் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக் குழாயில் வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அதைப் பிடித்து, தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைத்து, மண்பானையில் ஊற்றி வைப்பாள். அதில் பானை வாசமும் நாக்கு நுனியில் லேசான துவர்ப்பும் இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் மகள் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

எட்டயபுரம் தாண்டியதும் எனக்குத் தாகம் எடுத்தது. பாட்டிலைக் கேட்டேன். "டீ வாங்கிக் குடிங்கப்பா, பொறகு தண்ணி குடிக்கலாம்" என்றாள். அவளும் குடிக்கவில்லை. போகப் போக ஜன்னலுக்கு வெளியே கரிசல் மாறி, உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. பஸ்ஸில் காற்றே உப்புக் கரிக்கிற மாதிரி இருந்தது. தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆனாலும் பேச்சு பேச்சுதான், பார்த்துவிட்டே சொல்வோம் என்றிருந்தேன்.

கல்லூரியின் நிலவியல் துறையில் ஒரு நீள மேசை இருந்தது. அதன் மேல் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகளில் மண். செம்மண், தேரி மணல், களிமண். கடைசிப் புட்டியில் எங்கள் கரிசல். மழை நாளில் என் சைக்கிள் மட்கார்டில் அப்பிக்கொண்டு என் உயிரை எடுக்கும் மண்ணைப் புட்டியில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி மரியாதையாக வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அங்கே இருந்த பேராசிரியை கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். அவர் "ஏம்மா இந்தப் படிப்பு படிக்கணும்னு ஆசைப்படுற?" என்று கேட்டார். மகள் கரிசல் புட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"மேடம், எங்க பக்கம் ஒரே தெருவுல ஒரு கிணறு நல்ல தண்ணி, எதிர்க்க உள்ள கிணறு உப்பா இருக்கு. அது ஏன் மேடம்?"

எட்டு வயதில் கேரியரில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி. பத்து வருடம் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை.

பேராசிரியை ஒரு தாளை எடுத்துக் கோடு கோடாக வரைந்தார். இங்கே பாறை, இங்கே களி, தண்ணீர் இப்படி வருகிறது, இங்கே தேங்குகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பாதி புரியவில்லை. மகள் மேசை மேல் கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இடையிடையே அவள் கேட்ட கேள்விகளுக்கு அவர், "ஆமா, அதேதான்" என்றார். என் மகள் அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தானே நான்.

ஆனாலும் மனைவிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. தண்ணீர் உப்பாக இருந்தால் உப்பு என்றுதான் சொல்வேன் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு விடுதிக்கு நடந்தேன்.

"அண்ணாச்சி, உள்ள ஆம்பளையாளு போகப்பிடாது. இங்கன உக்காருங்க" என்றார் வாட்ச்மேன். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

"ஏட்டி, பைய வச்சிட்டுப் போயேன்."

"இருக்கட்டும்ப்பா."

பத்து நிமிடம் கழித்து ஒரு எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். தளும்பி ஒரு சொட்டு அவள் பாவாடையில் விழுந்தது. வாங்கி ஒரு வாய் வைத்தேன்.

பானை வாசம். நுனி நாக்கில் அந்தத் துவர்ப்பு. எங்கள் வீட்டுத் தண்ணீர்.

முதலில் வந்தது கோபம்தான். யாரிடம் காட்டுகிறாள் இதை? இருபது ஊர்த் தண்ணீரைப் பிரித்துச் சொல்லும் என்னிடமா? திட்ட வேண்டும் என்று வாய் நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்தேன். அவள் என் முகத்தை அல்ல, என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்குகிறேனா, துப்பப் போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. காலையிலிருந்து அந்த வெயிலில் ஒரு மடக்குக் குடிக்காமல் அந்தப் பாட்டிலை எனக்காகக் கொண்டுவந்திருக்கிறாள்.

விழுங்கினேன். மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.

"என்னப்பா சொல்லுதீங்க?"

"நல்ல தண்ணிதான்" என்றேன்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு வேகமாக உள்ளே திரும்பிப் போனாள். வாசலில் இருந்த குழாயில் நான் முகம் கழுவினேன். உதட்டில் பட்ட தண்ணீர் கரித்தது. வாட்ச்மேன், "மொகத்துக்கு ஆகும் அண்ணாச்சி, வாய்க்கு ஆகாது" என்றார்.

திரும்பும் வழியில் எட்டயபுரத்தில் பஸ் நின்றதும் இறங்கி அவளுக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். கேட்காமலே இரண்டாவது கிளாஸ் சொன்னேன். அதையும் குடித்தாள். பாட்டிலைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

வீட்டில் செருப்பைக் கழற்றும் முன்பே மனைவி, "தண்ணி எப்படி?" என்றாள்.

"நல்லாருக்கு. நான் குடிச்சுப் பாத்தேன்."

தண்ணீர் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "நீங்க குடிச்சுப் பாத்தாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இவ்வளவு லேசாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சேர்க்கை முடிந்து, விடுதிக்குக் கிளம்பும் நாள் வந்தது. அன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வரும் முறை. அதனால் மனைவி வர முடியவில்லை. மகள் பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். நான் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பின்கட்டிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேனைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்து லிட்டர் கேன். பானைத் தண்ணீர்.

"இது எதுக்கு?"

"பிள்ள குடிக்கத்தான். ஒரு வாரத்துக்கு வரும். அதுக்குள்ள அந்தத் தண்ணி நாக்குக்குப் பழகிரும்."

"அங்கதான் நல்ல தண்ணியாச்சே" என்று மெதுவாகச் சொன்னேன்.

"நான் அந்தப் பக்கம் பொறந்தவ. அங்கன எந்தத் தண்ணி எப்படின்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"பின்ன ஏன் சரின்ன?"

அவள் கேன் வாயில் துணியைச் சுற்றி மூடியை இறுக்கினாள். "தண்ணி விசயத்துல நீங்க பொய் சொல்லி நான் பாத்ததில்ல. அப்படிப்பட்ட நீங்களே பொய் சொல்லுதீங்கன்னா, பிள்ள முகத்துல எதையோ பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்கன்னு விட்டுட்டேன். முடிதான, போனாப் போகுது." சொல்லும்போது அவள் கை தன் எலிவால் சடையைத் தொட்டுவிட்டு வந்தது. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கேனை வாங்கி, மகள் கண்ணில் படாதபடி ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டினேன்.

விடுதி வாசலில் அதே வாட்ச்மேன், அதே பெஞ்ச். பெட்டி, படுக்கை, வாளி எல்லாவற்றையும் மகள் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கடைசியாகப் பெஞ்சுக்குப் பின்னாலிருந்த சாக்கைப் பிரித்து, கேனை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அவளுக்கும் என் மூக்குதானே.

"அம்மா குடுத்துவிட்டா" என்றேன்.

அவள் கேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அப்ப அன்னைக்கே தெரியுமாப்பா?"

"தூக்கு, கனக்கும். ரெண்டு கையாலும் பிடி."

கேனை உள்ளே வைத்துவிட்டு வந்தவள் கையில் அதே மாதிரி ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. இந்தத் தடவை தண்ணீர் தளும்பவில்லை.

"இதுதான்ப்பா இங்க உள்ள தண்ணி" என்று நீட்டினாள்.

வாங்கி வாயில் ஊற்றி, பழக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். கடல் மாதிரி கரித்தது. வாழ்நாளில் அப்படிப்பட்ட தண்ணீரை நான் விழுங்கியதில்லை. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.