லிஃப்ட் மெக்கானிக் கண்ட பருக்கள்

நாற்பத்து மூன்று வயதில் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக் கண்ணில் வெள்ளெழுத்து விழுந்தது. மோட்டார் அறைப் பலகையின் பொடி எழுத்துகள் மங்கத் தொடங்கியதும் கண்ணாடி வாங்கினான். வாங்கிய மூன்றாம் நாள், அதைக் கழற்ற மறந்து குளியலறைக்குள் போனான். தற்செயலாகக் குனிந்து பார்த்தான். ஆண்குறியின் மொட்டைச் சுற்றி, விளிம்பில், கடுகைவிடப் பொடியாக, தோல் நிறத்திலேயே வரிசையாகப் பருக்கள். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

வேறு யாராவதாக இருந்தால் ‘இது என்ன’ என்று யோசித்திருப்பார்கள். அவனுக்கு ‘இது யார்’ என்றுதான் தோன்றியது.

ஆறு மாதமாகவே உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். மனைவிக்குக் கூரியர் அலுவலகத்தில் வேலை. அங்கே புதிதாக வந்த மேனேஜர் மழை நாட்களில் அவளைக் காரில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். இறங்கும்போது அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று இவன் பார்ப்பான். படியேறி வருவதற்குள் அந்தச் சிரிப்பு எங்கேயோ தொலைந்துபோய்விடும். அவள் தோளில் ஒருநாள் வாசனை அடித்ததாக இவனுக்குத் தோன்றியதிலிருந்து, மனதுக்குள் அந்த மேனேஜருக்குப் பெயர் ‘சென்ட்டு’.

ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கைபேசியில் தேடியபோது வந்த படங்களையெல்லாம் பார்த்து வெலவெலத்துப்போனான். படுக்கையில் நடுவே தலையணையை வைத்தான். அவள் கேட்டதற்கு முதுகுவலி என்றான்.

பத்தாம் நாள் ஞாயிறு. அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அலுவலக அழைப்பு வந்தது. பேசிச் சிரித்து வைத்தாள்.

“அவன்கிட்ட மட்டும் நல்லா சிரிப்பு வருது!”

“எவன்கிட்ட?”

“அந்த சென்ட்டுகிட்ட. எனக்குச் சீக்கு வந்திருக்கு. எங்கேயிருந்து வந்துச்சுன்னு நீயே சொல்லு!”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தாள். “என்ன சீக்கு? காட்டுங்க.”

காட்டினான். பார்த்தாள்.

“இதுவா? இது கல்யாணம் ஆன நாள்லேருந்து இருக்கே!”

“பொய்! என் உடம்புல எனக்குத் தெரியாததா?”

“நீங்க என்னைக்குக் குனிஞ்சு பார்த்தீங்க?” அவள் குரல் உடைந்தது. “நான் சொன்னா நம்பமாட்டீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம், நானும் வர்றேன்.”

தோல் மருத்துவர் ஒரு அம்மாள். மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“எத்தனை நாளா இருக்கு?”

“பத்து நாளா, மேடம்.”

“வந்து பத்து நாளா, நீங்க பார்த்து பத்து நாளா?”

அவன் கண்ணாடி வாங்கிய கதையைச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

“இது நோயே இல்ல. முத்து மாதிரி இருக்கிற இந்தப் பருக்கள் நிறைய ஆம்பளைங்களுக்கு வாலிப வயசுலேயே வர்றதுதான். எல்லாம் ஒரே அளவு, ஒழுங்கா வரிசையில இருக்கு பாருங்க. யாருக்கும் ஒட்டாது, மருந்தும் வேண்டாம், கிள்ளாதீங்க. தொத்து மருன்னா பெரிசும் சிறிசுமா, சொரசொரன்னு, காலிஃப்ளவர் மாதிரி இருக்கும், எண்ணிக்கையும் கூடலாம். கொப்புளம் வந்து உடைஞ்சு எரிஞ்சா அது வேற தொத்து. வலியே இல்லாத புண்ணு வந்தாலும் அலட்சியம் பண்ணக்கூடாது. படத்தைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணாம காட்டிடணும்.”

அவனுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. “ஒருவேளை மருவா இருந்திருந்தா, மேடம்... மனைவிகிட்டேருந்துதானே?”

“அப்படியும் சொல்ல முடியாது. அந்தக் கிருமி வெளியே தெரியாம வருஷக்கணக்கா உடம்புல இருக்கும். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு மருவைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது நீங்களாகூட இருக்கலாம்.”

தலையைத் தொங்கப்போட்டு வெளியே வந்தான். அவள் எழுந்தாள்.

“ஒண்ணுமில்லையாம்,” என்றான். “தப்புதான்.”

“எது தப்பு? பருவைத் தப்பா பார்த்ததா, என்னைத் தப்பா பார்த்ததா?”

“ரெண்டும். அந்த ஆளுகிட்ட நீ சிரிக்கும்போது எனக்குப் பத்திக்கிட்டு வருது. வீட்டுல அப்படி நீ சிரிச்சு எத்தனை நாளாச்சு!”

“வீட்டுல என்னை யாரு சிரிக்க வெச்சா?” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

இரண்டு வாரம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை, சாப்பிடும்போது அவனாகவே தொடங்கினான். அன்றைக்கு வேலைக்குப் போன கட்டடத்தில் நாலாம் மாடிக்காரர் ஒருவர் புது மெத்தையோடு லிஃப்டில் சிக்கிக்கொண்டாராம். இவன் ஓடிப்போய்க் கதவை நெம்பித் திறந்தால், உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம். மனிதர் மெத்தையை விரித்துக் காலை மடக்கிப் படுத்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம். எழுப்பியதற்கு, “அதுக்குள்ள வந்துட்டியா?” என்று கோபித்துக்கொண்டாராம்.

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவன் நெஞ்சு நிறைந்துபோனது.

“அய்யோ, இதை நாளைக்கு எங்க மேனேஜர்கிட்ட சொல்லணும்,” என்றாள்.

அவனுக்குச் சுரீர் என்றது. ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

“சொல்லேன்,” என்றான். “மெத்தைக்காரரோட குறட்டையை மட்டும் சரியா செஞ்சு காட்டணும். இரு, நான் சொல்லித் தர்றேன்.”