அப்பா சுடாத துவக்கு

போன வருடம் நான் ஒரு துவக்கு வாங்கினேன். அதற்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வேட்டைக்குப் போகிறவள் இல்லை. கோழியைக்கூட அம்மா வெட்டித் தந்தால்தான் சமைப்பேன். முப்பதை எட்டுமுன்பே நடுவயதுக்காரியைப் போல நடக்கத் தொடங்கிவிட்ட எனக்கு, ஓர் ஏல மண்டபத்தில் நூறு வயது கடந்த இங்கிலாந்து இரட்டைக்குழல் ஒன்றைக் கண்டதும் கை தானாக உயர்ந்துவிட்டது. குழல் வாயின் அளவை ‘போர்’ என்பார்கள்; இது எட்டு போர். ஒரு இறாத்தல் ஈயத்தை எட்டாகப் பங்கிட்டு உருட்டினால், அதில் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் போகும் என்பது அர்த்தம். எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெருக்கும்.

பழந்துவக்குச் சங்கத்தில் கருமருந்துத் தோட்டா இரண்டு தந்தார்கள். ஒவ்வொன்றாகச் சுடவேண்டும் என்று மூன்று பேர் மூன்று தடவை சொன்னார்கள். என் விரல் வழுக்கி இரண்டு விசையையும் இழுத்துவிட்டது. புகை கலைந்தபோது நான் புல்லில் மல்லாந்து கிடந்தேன். இலக்குப் பலகை ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான் அந்த இலையுதிர்காலம் நினைவுக்கு வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது. எனக்குப் பன்னிரண்டு வயது. சுவிஸில், ஆராவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தோம். யுத்தம் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு வன்னியிலிருந்த சித்தப்பாவிடமிருந்து தொலைபேசி வரவில்லை. முகாம் ஒன்றில் அவரைக் கண்டதாக யாரோ யாருக்கோ சொல்லியிருந்தார்கள். அப்பாவின் கையில் இருந்ததோ அகதிக்கான பயணப் பத்திரம். உலகத்தில் எங்கும் போகலாம், இலங்கையைத் தவிர. சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்தால் போய்த் தேடலாம். அதற்காகத்தான் அப்பா சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அப்பா ஊருக்குப் போகப்போகிறார், வரும்போது ஏதாவது கொண்டுவருவார்.

சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவரின் வீட்டைத் துப்புரவு செய்யப் போவார். பெரியவர் தனியாள். ஒரு அறை முழுவதும் கண்ணாடி அலுமாரி, உள்ளே இரட்டைக்குழல்கள். பத்து போர், எட்டு போர், எல்லாவற்றுக்கும் நடுவில் மூத்த பிள்ளையைப் போல ஒரு நாலு போர். ஒரு காலத்தில் ஏரியில் வாத்துக் கூட்டத்தையே ஒரு சூட்டில் விழுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதன் வாய்க்குள் என் இரண்டு விரல் போனது. அப்பா கண்ணாடியை மட்டும் துடைப்பார். ஒருநாளும் துவக்கைத் தொட்டதில்லை. வன்னியில் அவரிடமும் பன்றிக்காவலுக்கு அனுமதி பெற்ற இரட்டைக்குழல் ஒன்று இருந்ததாம். தோட்டாப் பையோடு பின்னால் வந்தவர் சித்தப்பா. இதைப் பெரியவருக்குச் சொல்லியிருந்தார், எனக்குச் சொன்னதில்லை.

இலையுதிர் விடுமுறையில் பெரியவர் எங்கள் இருவரையும் கல்லுடைக்கும் பள்ளமொன்றிலிருந்த சூட்டுத்திடலுக்குக் கூட்டிப்போனார். வருடத்துக்கு இரண்டு தடவைதான் நாலு போர் வெளியே வரும். எனக்குக் காதடைப்பான் மாட்டிவிட்டார்கள். பெரியவர் ஒரு குழலைத்தான் சுட்டார். வெடிச்சத்தம் எனக்குக் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. பெரியவர் இரண்டடி பின்னால் போய், வெண்புகைக்குள் நின்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தேன்: அப்பா என் பின்னால் நின்று, என் காதடைப்பானுக்கு மேலேயே தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய காதடைப்பான் கழுத்தில் தொங்கியது. முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பியிருந்தார். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கம். அவர் கைகளைத் தட்டிவிட்டேன்.

பெரியவர் துவக்கை நீட்டினார்.

“ஒரே ஒரு சூடு. இங்கே யார் கேட்கப்போகிறார்கள்?”

அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “எனக்கு அனுமதி இல்லை” என்று தன் உடைந்த ஜெர்மனில் சொன்னார். உண்மைதான். இந்த நாட்டின் ஆயுதச் சட்டத்தில் சில நாடுகளின் பட்டியல் உண்டு; அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் துவக்கு வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது. பட்டியலில் இலங்கையும் இருந்தது. பெரியவர் தலையாட்டிவிட்டுத் துவக்கை உறையில் வைத்தார். என் கண்ணுக்குத் தெரிந்தது, பயந்துபோன ஓர் அப்பா மட்டுமே.

இரண்டு கிழமை கழித்து, கெமைண்டவில், அதாவது ஊராட்சி மன்றத்தில், குடியுரிமை நேர்காணல். அம்மா ஒரு மாதமாக எங்களைத் தயார்ப்படுத்தியிருந்தார். மந்திரிமார் ஏழு பேரின் பெயர், குப்பை பிரிக்கும் முறை, எந்த மலை எவ்வளவு உயரம். நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். அப்பா எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னார். முடிவில் ஒரு பெண்மணி, என்னையும் கதைக்க வைக்கும் நல்லெண்ணத்தில், விடுமுறையில் அப்பாவோடு என்ன செய்தாய் என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அப்பா பயந்தவர் இல்லை என்று இந்த ஐந்து பேருக்கும் தெரியவேண்டாமா?

“அப்பா நாலு போர் துவக்கால் சுட்டார்” என்றேன். “இரண்டு குழலையும் ஒன்றாக. ஒரு இஞ்சிகூட அசையவில்லை.”

ஒருவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். அப்பா மறுத்தார். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்படி ஒன்றைக் கற்பனை செய்யுமா என்பதுபோல எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

பேருந்தில் அம்மா பொரிந்து தள்ளினார். “எடி, உனக்கு வாய் எண்டு ஒண்டை ஏன்தான் கடவுள் வைச்சவரோ! பொலிஸ் வரப்போகுது, தெரியுமோ?”

அப்பா யன்னலிலிருந்து என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ரெண்டு குழலையுமோ பிள்ளை?”

“ஓம்.”

“அசையேல்லையோ?”

“இல்லை.”

“அப்ப நல்லாத்தான் சுட்டிருக்கிறன்.”

அவர் கோபிக்கவில்லை என்று எனக்கு நிம்மதி. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

பொலிசார் இருவர் வந்தார்கள். அம்மா சொன்னபடி வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மிகவும் மரியாதையாக விசாரித்தார்கள். பெரியவர் கடிதம் எழுதினார், நேரிலும் போய்ச் சத்தம் போட்டார். இருந்தும் விண்ணப்பம் கிடப்பில் போனது. பிறகு புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. சிவப்புக் கடவுச்சீட்டோடு அப்பா வவுனியாவில் இறங்கியபோது ஐந்து வருடம் கழிந்திருந்தது. முகாம் இருந்த இடத்தில் பற்றை வளர்ந்திருந்தது. கேட்பதற்கு ஆளில்லை. மூன்று கிழமை அலைந்துவிட்டு, எனக்கு ஒரு சட்டைத்துணியோடு திரும்பிவந்தார்.

முன்னரே போயிருந்தால் கண்டுபிடித்திருப்பாரா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்காத பிள்ளைக்குச் சொல்லும் பழக்கம் அவருக்கும் இல்லை. அந்தப் பள்ளத்தில் அவர் எந்தச் சத்தத்திலிருந்து என் காதைப் பொத்தினார் என்பது மட்டும் எனக்கு வெகுகாலம் சென்றுதான் விளங்கியது.

மல்லாந்து விழுந்த நாள் மாலை அம்மா வீட்டுக்குப் போனேன். தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

“எத்தினை போர்?”

“எட்டு.”

“ரெண்டு குழலுமோ?”

“ஓம்.”

கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்.

“எட்டுக்கே இந்தக் கோலம். நான் நாலைச் சுட்டிட்டு அசையாமல் நிண்டனாம். அந்தக் கெமைண்ட மேசையிலை இருந்த ஆம்பிளையள் மூண்டு பேரும் சுவிஸ் ஆமிக்குப் போனவை, பிள்ளை. ஒருத்தனுக்குக்கூட அது பொய் எண்டு விளங்கேல்லை.”