வெள்ளை அடித்த சாட்சி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் காஜா பெராங் சந்துக்குள் கோர்ட்டே நடந்து வந்தது. கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு!

மழை பெய்தால் எங்கள் சந்தில் தண்ணீருக்குப் போக வழி தெரியாது. வழி தெரியாத தண்ணீர் என்ன செய்யும்? நேரே பாக்கியம் அக்கா வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கால்வாய் ஒன்று வெட்ட வேண்டும் என்று வடிகால் போர்டு முடிவு செய்துவிட்டது. ஆனால் அது ஒரு கடைக்காரரின் நிலத்தைக் கடக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றார். அப்படியானால் போர்டின் முடிவு மட்டும் போதாதாம். கோர்ட் ஒப்புதல் வேண்டுமாம். நாட்டுக்கு மெர்டேக்கா வந்துவிட்டது... தேங்கிய தண்ணீருக்குத்தான் இன்னும் விடுதலை இல்லை.

மாஜிஸ்திரேட் மலாய்க்காரர், இளவயது. இடத்தை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அக்காவுக்கு அவசரம். மகள் சரோஜா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வருஷக் கடைசி மழை முந்திக்கொண்டால், பிறக்கிற குழந்தையை வரவேற்கப் போவது சாக்கடைத் தண்ணீர்தான்.

எங்களுக்கு இருந்த நல்ல சாட்சி அக்கா வீட்டுச் சுவர். முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு — போன மழை போட்டுவிட்டுப் போன கையெழுத்து. அதைக் காட்டினாலே போதும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அன்று காலையில் போய்ப் பார்க்கிறேன்... சுவர் பால்போல வெளுத்து நிற்கிறது! வாசலில் கோலம். நிலையில் மாவிலை. வாசலில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைக்கூட மணல் கொட்டி நிரவியாகிவிட்டது.

"என்னக்கா இது?"

"கோர்ட்டுத் தொர வாராருல்ல தம்பி. அழுக்குச் சொவத்தயா காட்டுறது?"

டாக்டரிடம் நோயைக் காட்டப் போகும்போதும் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொள்கிற ஜனம் நாம்.

மாஜிஸ்திரேட் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். காப்பி குடித்தார். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று மலாயில் கேட்டார்.

"தா அடா, துவான்," என்றார் அக்கா. இல்லவே இல்லையாம்! வீடு எப்போதும் சுத்தமாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். கூட வந்த போர்டு அதிகாரி கூரையைப் பார்த்தார். கடைக்காரரின் வக்கீல் மீசைக்குள் சிரித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தபோது —

நின்று நின்று சரோஜாவுக்கு இடுப்பு வலித்துவிட்டது. முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, அங்கிருந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். கட்டில் ஏன் இவ்வளவு உயரம் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அக்கா அவசரமாகப் படுக்கை விரிப்பைக் கீழே இழுத்துவிட்டார். அதற்குள் மாஜிஸ்திரேட் குனிந்துவிட்டார். நான்கு கால்களுக்கும் கீழே அடுக்கடுக்காய்ச் செங்கல்.

"மழ வந்தா நாங்க எல்லாருமே இதுமேலதான் துவான் ஏறி உக்காந்துக்குவோம்," என்று மலாயில் சொல்லிவிட்டாள் சரோஜா. அக்கா அவளை முறைத்த முறைப்பு இருக்கிறதே... அடைமழைகூடப் பயந்து திரும்பியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒப்புதல் வந்துவிட்டது. நேற்று மண்வெட்டிச் சத்தமும் கேட்டது — வெயில் காயும்போதே தண்ணீருக்குப் பாதை போடுகிற சத்தம். உங்கள் செங்கல்தான் கேஸை ஜெயித்தது என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அக்கா முகம் மலர்ந்தது.

"அதயும் தேச்சுக் கழுவித்தான் வச்சிருந்தேன் தம்பி. அந்தச் சுத்தத்தப் பாத்தாராமா?"