எலிடா மறுத்த பெண்கள்

துக்கக் காலம் முடிந்ததும் எலிடாவின் அண்ணன் அவளுடைய துணிகளைப் பாயில் பரப்பிப் பங்கு வைத்தார். தங்கைகளுக்குச் சட்டைகள். அக்காவுக்குக் கம்பளி. மகள் அலினாஃபேவுக்கு, இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சிட்டெஞ்சேத் துணிகள் எல்லாம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மஞ்சளில் கறுப்புக் கினிக்கோழி போட்டது மட்டும் இல்லை.

“கினிக்கோழித் துணி எங்க மாமா?”

“அது அந்த நாடகக்காரப் பொண்ணு தமாண்டாகிட்ட இருக்கு. அவதானே ஆஸ்பத்திரியில கூட இருந்தா. உங்கம்மாதான் குடுத்துட்டாளாம்.”

அலினாஃபே இன்னொரு துணியை எடுத்து மடித்தாள். மகள் நான். கூட இருந்தவள் அவள். அடக்கத்தன்றும் அப்படித்தான். உறவுக்காரர்கள் எல்லாரையும் மிஞ்சி அழுதவள் தமாண்டா. ‘அம்மா, அம்மா’ என்று. யாருக்கு அம்மா?

எலிடா சோம்பா நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கணவன் ஜோகன்னஸ்பர்க் போனான், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடினாள். சனிக்கிழமை, லாமெக் என்பவன் நடத்திய நாடகக் குழுவில் நடித்தாள். பல வருடம் அவளுக்குக் கொசு வேடம். கறுப்புச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து, கொசுவலை கட்டாத ஆண்களின் காதில் ரீங்காரமிடுவாள். சந்தையில் அவளைக் கண்டால் பிள்ளைகள் “கொசு! கொசு!” என்று கத்தும். அவள் அரசியைப் போலக் கையை ஆட்டிக்கொண்டு போவாள்.

பிறகு குழுவுக்குப் புது வேலை வந்தது. கணினித் துறைக்குப் பெண்கள் வருவதில்லை. பள்ளி பள்ளியாகப் போய் அதை நாடகமாகப் போட வேண்டும். லாமெக் கதை கட்டினான். மகள் கணினி படிக்கப் போகிறேன் என்பாள். முறத்தில் காராமணி பொறுக்கிக்கொண்டிருக்கும் அம்மா முடியாது என்பாள். கதை அங்கே முட்டி நிற்கும். பார்க்கிற பெண்களில் யார் வேண்டுமானாலும் “நில்லு!” என்று கத்தலாம். எழுந்து வந்து மகளின் இடத்தில் நின்று அம்மாவை மசிய வைத்துப் பார்க்கலாம். எலிடாதான் அந்த அம்மா. அவள் லேசில் மசியமாட்டாள். அழுதுகொண்டு திரும்பிய பெண்களும் உண்டு.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அவள் பிளான்டயர் நகரில் இருந்த மகளைப் போனில் கூப்பிட்டாள். அலினாஃபே அங்கே ஒரு தொலைபேசிக் கம்பெனியில் நெட்வொர்க் பொறியாளர்.

“கணினி வேலைன்னா என்னென்ன தினுசு இருக்கு? சொல்லுடி. மேடையில நான் சண்டை போடணும்.”

அலினாஃபே சொன்னாள். நிரல் எழுதுவது, திரையை வடிவமைப்பது, தகவலைக் களவு போகாமல் காப்பது, பிழை பிடிப்பது, கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது. அம்மா உம் கொட்டிக் கேட்டாள். அதில் மகள் செய்வது எது என்று கேட்கவில்லை. அதன் பிறகு வந்த அழைப்புகளில் எல்லாம் ஊரார் மகள்கள்தான். டொமாசியில் ஒருத்தி இப்படி மடக்கினாள், லிவோண்டேயில் ஒருத்தி அப்படி அழுதாள். தமாண்டா வந்ததும் அவள் பேச்சு மட்டும்.

“ராத்திரி வேலை, அதனால வேணாம்னேன். நர்ஸுக்குப் படின்னேன். அவ கேக்கிறா, ‘ஏம்மா, நர்ஸுக்கு ராத்திரி கிடையாதா?’ன்னு. நான் மேடையிலேயே சிரிச்சுட்டேன்டி. அவ பிழை பிடிக்கிற படிப்புக்குத்தான் பொறந்தவ.”

தமாண்டா அந்தப் படிப்புக்கே போனாள். சனிக்கிழமைகளில் குழுவிலும் சேர்ந்துகொண்டாள்.

அலினாஃபேவுக்கு நடந்தது வேறு. பள்ளி முடித்த வருடம் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றாள். “கணினி படிக்கப் போறேன்மா.” அம்மா தலை நிமிரவில்லை. “போ,” என்றாள். அவ்வளவுதான். கேட்டது உடனே கிடைத்தது. அதில்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல். பேர் தெரியாத பெண்களோடெல்லாம் அம்மா கண்ணுக்குக் கண் பார்த்து மல்லுக்கு நின்றாள். சொந்த மகளுக்கு ஒற்றைச் சொல்.

துணியை வாங்கி வருவது என்று முடிவு செய்தாள். வேறெதுவும் வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை குழு ஒரு பெண்கள் பள்ளியில் இருந்தது. அலினாஃபே போய்ச் சேர்வதற்குள் நாடகம் தொடங்கிவிட்டது. கூடத்தில் நீலச் சீருடைகள் தரையெல்லாம். நடுவில் முறத்தோடு தமாண்டா. இடுப்பில் கினிக்கோழி.

துணி மட்டும் என்றால் பொறுத்திருப்பாள். தமாண்டா கல்லைப் பொறுக்கி எறிந்த விதம் அம்மாவுடையது. பேசுமுன் நாக்கைச் சொடுக்கியது அம்மா. இடது முழங்காலை நீவிக்கொண்டதுகூட அம்மா. அந்த முழங்காலுக்கு மருந்து வாங்கி அனுப்பியவள் அலினாஃபே. வலியையும் இவள் எடுத்துக்கொண்டாளா?

“நில்லு!”

தன் குரல்தான் என்று கத்திய பிறகே தெரிந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் நேராகத் தமாண்டாவிடம் போய் இடுப்பு முடிச்சில் கை வைத்தாள். பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். லாமெக் ஓடி வந்தான்.

“தங்கச்சி, அம்மாவை மாத்தக் கூடாது. மகளை மட்டும்தான் மாத்தலாம்.”

“யார் வச்ச சட்டம்?”

“உங்கம்மா வச்சதும்மா.” அவன் குரல் தணிந்தது. “‘மேடையில அம்மாவை நல்லவளாக்கிட்டா புள்ளைங்க வீட்ல போய் யார்கிட்ட பேசும்’னு எங்களை ஏசுவாங்க.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அக்கா, பயமா இருந்தா உட்காருங்க!” என்றாள். மறுபடி சிரிப்பு.

அலினாஃபே முடிச்சை விட்டாள். மகளாக நடித்தவள் ஒதுங்கினாள். அலினாஃபே அந்த இடத்தில் நின்றாள்.

“நான் நெட்வொர்க் படிக்கப் போறேன்.”

“என்னது அது?” தமாண்டா நிமிரவில்லை.

“கணினிகளை இணைக்கிறது. சிக்னல் கோபுரம், ரவுட்டர், கண்ணாடி இழை கேபிள்...”

“யாருக்குடி இதெல்லாம் சொல்ற? எனக்கா, கோபுரத்துக்கா?”

கூடம் சிரிப்பில் குலுங்கியது. அலினாஃபேவுக்கு முகம் சுட்டது.

“உனக்குப் புரியாதுன்னா விடு.”

“புரியலைன்னா போக வேணாம். கோபுரத்துல பாவாடையோட ஏறுவியா?”

“பேன்ட் போட்டுக்கிட்டு ஏறினேன்.”

“ஏறிட்டியா?” தமாண்டா நாக்கைச் சொடுக்கினாள். “ஏறிட்டு வந்தா என்னைக் கேக்கிற?”

“நீ கேக்கலையே!” அலினாஃபேவின் குரல் உடைந்தது. “எந்தக் கோபுரம், எவ்வளவு உசரம், பயமா இருந்துச்சான்னு ஒரு தடவை கேட்டியா? போன்னு சொல்லிட்டு இஸ்திரி போட்டியே. இவளுங்ககிட்ட எல்லாம் எத்தனை கேள்வி!”

யாரும் சிரிக்கவில்லை. லாமெக் முன்னால் வந்தான். தமாண்டா முறத்திலிருந்து ஒரு கையை எடுத்து அவனைத் தடுத்தாள்.

“நானா போன்னு சொன்னேன்?” மெதுவாகக் கேட்டாள். அம்மாவின் குரல் அவளிடம் கொஞ்சம் நழுவி, மறுபடி வந்தது. “அப்போ தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பேன். இப்ப சொல்றேன், கேட்டுக்க. முடியாது. எங்கயும் போகக் கூடாது. உட்காரு. காராமணி கெடக்கு.”

அலினாஃபே உட்கார்ந்தாள். முறத்தில் கை வைத்தாள். கல், காராமணி, கல். தோள் அந்தத் துணியில் உரசியது. அந்தத் துணியிலிருந்து அவளுக்கு முதல்முறையாக ஒரு மறுப்பு கிடைத்திருந்தது. நாடகம் இங்கேயே நின்றுவிட்டால் போதும்.

“நில்லு!”

காலுறை நழுவிய ஒரு சிறுமி முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, எந்திரிங்க.”

“ஏன்?”

“தோத்துட்டீங்க. அழுதுட்டு கல்லு பொறுக்கினா அம்மா விட்ருவாங்களா? இப்ப என் முறை.”

எழ மனமில்லை. எழுந்தாள். சட்டம் சட்டம்தான். சிறுமி தமாண்டாவின் எதிரில் சம்மணமிட்டாள். “அம்மா, முதல்ல ன்சிமாக் களி சாப்பிடுங்க. வெறும் வயித்துல உங்களுக்குக் கோபம் ஜாஸ்தி,” என்று ஆரம்பித்தாள். கூடம் கைதட்டியது. நீலச் சீருடைகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்த அலினாஃபேவுக்கு அந்தச் சிறுமியின் மேலும் பொறாமை வந்தது.

வெளியே, குழுவின் வண்டிக்குப் பக்கத்தில், கேட்கும் முன்பே தமாண்டா துணியை அவிழ்த்து நீட்டினாள்.

“எடுத்துக்கங்க அக்கா. உங்களுது.”

“அம்மா உனக்குக் குடுத்தாங்களாமே.”

“குடுத்தாங்க. உங்களுக்கு, கேட்ட உடனே ‘போ’ங்கிற வார்த்தையைக் குடுத்தாங்க.” தமாண்டா சிரிக்கவில்லை. “அதை எத்தனை தடவை பெருமையா சொல்லியிருக்காங்க தெரியுமா? ‘என் பொண்ணு ஒரு வார்த்தை கேட்டா, ஒரு வார்த்தை சொன்னேன்’னு. நான் அத்தனை பேர் முன்னாடி கெஞ்சித்தான் அந்த ‘போ’வை வாங்கினேன். உங்க மேல எனக்கு எவ்வளவு எரிச்சல்!”

அலினாஃபே துணியை வாங்கி முகர்ந்தாள். இஸ்திரி வாசனை இல்லை. தமாண்டாவின் வியர்வைதான் இருந்தது. ஆனாலும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அடுத்தது எங்க போடுறீங்க?”

“மங்கோச்சியில. வர்ற சனிக்கிழமை. வேற துணி கட்டிக்கிறேன், பரவாயில்லை.”

“வேற துணி வேணாம். நான் எடுத்துட்டு வரேன். கட்டி நடி. முடிஞ்சதும் அவிழ்த்துக் குடுத்துரணும்.”

தமாண்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்போ ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவீங்களா?”

“துணி வரும்,” என்றாள் அலினாஃபே. “தனியா அனுப்ப மாட்டேன்.”