ஐந்தாவது முகம்

என் வலது கால் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் வந்திருக்கிறது. படத்தோடு வந்திருக்கிறது. ஒன்றல்ல, மூன்று படம். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் காலை எனக்குத் தெரியாதா? இரண்டாவது விரலில் மெட்டி கிடந்த பள்ளம் அப்படியே தெரிகிறது. அவர் போனபிறகு மெட்டியைக் கழற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது, தடம் மட்டும் போகவில்லை. அந்தத் தடத்தை எந்தெந்த ஊர் டாக்டர்மாரோ இப்போது உற்றுப் பார்க்கிறார்களாம்.

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரி எழுதுகிறாள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவள், பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும் என்று கொஞ்சம் சீவிச் சீர்செய்து எழுதுகிறாள். பொய்யை மட்டும் சீவிவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையே பொய்யைப் பற்றியதுதான்.

சோறு வடிக்கும்போது கை நழுவிக் கஞ்சி காலில் கொட்டிவிட்டது. அதில்தான் தொடங்கியது. சின்னப் புண்தான். ஆனால் எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு மாதமானது, இரண்டு மாதமானது, புண் ஆறுவேனா என்றது. மகன் பட்டாளத்தில், வடக்கே எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். அவனிடம் சொன்னால் பதறுவான் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியோ மகள் பிரசவத்துக்குச் சென்னை போய்விட்டாள். அவள் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைத்தான் நான் தினம் பார்த்துக்கொண்டிருந்தேன். நானே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கேதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ஆராய்ச்சி படிக்கிற பெண். ஒல்லி. புண்ணுக்குப் போடுகிற புதுமாதிரிக் கட்டு ஒன்றை அவளும் அவளுடைய பேராசிரியரும் செய்திருக்கிறார்களாம். அதைப் பழைய பேண்டேஜ் துணியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். சிலருக்குப் புதுசு, சிலருக்குப் பழசு. யாருக்கு எது என்று மூடின கவரைப் பிரித்துத்தான் பார்ப்பார்கள்.

இதில் சேரச் சம்மதமா என்று கேட்கிற நாலு பக்கத் தாளை எனக்கு வாசித்துக் காட்டினாள். வரிக்கு வரி "புரிஞ்சுதா ஆச்சி?" என்று கேட்டாள். கடைசியில், "ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா எப்ப வேணாலும் விலகிக்கிடலாம். ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டோம்" என்றாள். என் கல்யாணத்தில்கூட யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே கட்டை விரலை மையில் அழுத்தி வைத்துவிட்டேன்.

எனக்கு வந்த கவரில் புதுசு இருந்தது. கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக, தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. எதில் செய்தது என்று கேட்டேன்.

"இறால் தோட்டுல இருந்து எடுத்தது ஆச்சி."

"அடி பாவி! புரட்டாசி பொறந்திருச்சேட்டி. சனிக்கெழம நான் கவுச்சி தொட மாட்டேனே!"

"கால் என்ன சாப்பிடவா போகுது? பெருமாள் கோவிச்சுக்கிட மாட்டாரு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் முப்பது வருஷத்துக்குமேல் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்தில் அதுதான் பிழைப்பு. வெள்ளைத் துணியை மடித்து மடித்து எண்ணுவேன். எண்ணுவதில் என்னை ஒருவரும் மிஞ்ச முடியாது. ஆக, அந்தக் கண்ணாடித் தாளுக்குப் போட்டியாக நின்றது என் துணி! அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. "ஆச்சி, துணின்னா காயத்துல ஒட்டிக்கிடும். பிரிக்கும்போது புதுத் தோலும் பிஞ்சு வந்துரும். இந்த ஷீட்டு ஒட்டாது. ஈரத்த விடாது, காத்து மட்டும் போவும்" என்று எனக்கே பாடம் எடுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னது மெய்தான். என் துணி ஒட்டத்தான் செய்யும்.

இப்போது முகங்களுக்கு வருகிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கென்று ஓர் அட்டை கொடுத்தார்கள். வரிசையாக ஆறு முகம். முதல் முகம் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்தவனைப் போலச் சிரிக்கும். ஆறாவது முகம் தேர்க் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி அழும். நடுவில் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக வாடும். எட்டு மணிக்கு மில் சங்கு ஊதும், ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். "ஆச்சி, இன்னைக்கு எத்தனாவது முகம்?" நான் அட்டையில் விரலை வைத்து எண்ணிச் சொல்வேன், அவள் எழுதிக்கொள்வாள். எட்டு நாளைக்கு ஒருதரம் வந்து கட்டை மாற்றுவாள், பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் போட்டோ எடுப்பாள். நடுவில் யாராவது ஐந்தாவது முகமோ ஆறாவது முகமோ சொல்லிவிட்டால் அன்றைக்கே நேரில் வந்து பார்க்க வேண்டும். அதுதான் அவர்கள் வைத்திருந்த சட்டம்.

இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் சொன்னேன். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடமிருந்து போன் வரவில்லை. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போயிருப்பான். இது எனக்குத் தெரியாததா? இருந்தாலும் அன்று பூராவும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை கேட்டாள்.

"எத்தனாவது முகம் ஆச்சி?"

"அஞ்சு." நான் நினைப்பதற்கு முன்னால் நாக்கு சொல்லிவிட்டது.

"அஞ்சா? நேத்து ரெண்டுன்னியளே!"

"நேத்து நேத்தைக்கு, இன்னைக்கு இன்னைக்கு. நீ வாரியா இல்லையா?"

"வாரேன், வாரேன். காலத் தொங்கப் போடாம இருங்க."

பதினொரு மணிக்கு வந்துவிட்டாள். கட்டைப் பிரித்துப் பார்த்து, "நல்லா ஆறிட்டுத்தான வருது" என்று குழம்பினாள். பிறகு புளிக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டாள். பஸ்ஸில் ஒருத்தன் கோழியைக் கொண்டுவந்து அது இவள் மடியில் ஏறி உட்கார்ந்ததைச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தால் வீட்டுப் பாத்திரமெல்லாம் சேர்ந்து அதிரும். அவள் போனபிறகும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்புறம் அது ருசி கண்டுவிட்டது. வாரத்துக்கு ஒருதரம் ஐந்து, சில வாரம் இரண்டுதரம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஐந்து என்று சொல்லப்போகிற நாளில், போன் வருவதற்கு முன்பே இரண்டு ஆளுக்கு அரிசி களைந்து வைத்துவிடுவேன். ஒரு தடவை கூட்டுக்குத் தேங்காய்கூட அரைத்துவிட்டேன். போன் ஐந்து நிமிஷம் தாமதமானதும், பூஜை அறைப் பக்கம் திரும்பி, "இவளுக்கு எதுவும் ஆயிருக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். பொய் சொல்வதற்குச் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டவள் நான்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் ஐந்து சொல்லி வரவழைத்தேன். வந்தவள் சிரிக்கவில்லை. தட்டில் போட்ட சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன தாயி, கொழம்பு பிடிக்கலையா?"

"ஆச்சி, ஒங்க காயம் ஆறுது. போட்டோவுல பளிச்சுன்னு தெரியுது. ஆனா வலி மட்டும் ஏறிக்கிட்டே போவுது. அது எப்படின்னுதான் எனக்கு வெளங்கல."

"மத்தவுகளுக்கு?"

"மத்த யாருக்கும் இப்படி இல்ல. ஒங்களுக்கு மட்டுந்தான். ஷீட்டுல ஏதோ ஒன்னு தோல உறுத்துது, கலவைய மாத்தணும்னு சார் சொல்லிட்டாரு. மாத்துனா மொதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். ரெண்டு வருசம் இதுல போயிருச்சு ஆச்சி. இன்னும் ரெண்டு வருசம்னா எங்க வீட்டுல விட மாட்டாக. போதும், கல்யாணத்தப் பாருன்னுருவாக."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்பளம் ஒன்னு வச்சுக்க" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அவள் கையைக் கழுவிவிட்டு, என் காலை இன்னொருதரம் தூக்கிப் பார்த்தாள். "வலிக்குதா, இங்க வலிக்குதா?" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். நான் "ம்" கொட்டினேன். அவள் போய்விட்டாள். அந்தத் தட்டில் மிஞ்சின சோற்றைக் கொட்டவும் மனசில்லை, தின்னவும் முடியவில்லை.

உண்மையைச் சொன்னால் அவள் படிப்பு பிழைக்கும். ஆனால் என் வீட்டுக்கு வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. மறுநாள் சங்கு ஊதினதிலிருந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஓர் ஆளுக்குத்தான் அரிசி களைந்தேன்.

"எத்தனாவது முகம் ஆச்சி?" குரலில் உயிரே இல்லை.

"ரெண்டு."

"அப்பாடி. நேத்து அஞ்சு, இன்னைக்கு ரெண்டா?"

"நேத்தும் ரெண்டுதான் தாயி."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"அப்போ போன வாரம்?"

"அதுவும் ரெண்டுதான். வேணும்னா மூணுன்னு வச்சுக்க, அன்னைக்குச் செத்த நேரம் கடுத்துச்சு."

"ஏன் ஆச்சி?"

என்ன சொல்வது? "ஒத்த ஆளுக்குச் சோறு வடிச்சா கொழஞ்சு போவுது தாயி" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு வந்து நின்றாள். கட்டு மாற்றுகிற நாளும் இல்லை, நான் ஐந்தும் சொல்லவில்லை; புண் ஆறும்வரைக்கும் அவள் அப்படி வந்த ஒரே நாள் அதுதான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. பையிலிருந்து, என் முகக் கணக்கைத் தேதிவாரியாக எழுதின தாள்களை எடுத்துத் தரையில் பரப்பிவிட்டு, பிறகுதான் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுல எதெது பொய்யி? வெரல வையுங்க."

எழுத்துத்தான் தெரியாது, எண்ணும் தேதியும் எனக்குத் தெரியும்; எல்லாமே நினைவிருந்தது. இரண்டு ஆளுக்கு உலை வைத்த நாளெல்லாம் பொய். ஒவ்வொன்றாக விரலை வைத்தேன். "இது மகன் போன் போடாத மறுநாளு. இது பக்கத்து வீட்டுப் பூட்டுல சிலந்தி கூடு கட்டுனதப் பாத்த அன்னைக்கு. இது அவிய தெவசம் முடிஞ்ச மறுநாளு. இது மழ."

"இது?"

"இது சும்மா. நீ சிரிக்கது கேக்கணும்போல இருந்துச்சு."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "இதயெல்லாம் எழுத இந்தத் தாள்ல எடமில்ல ஆச்சி" என்றாள். கோபம் போய்விட்டதா, கூடிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"பொய்யி சொன்னத அடிச்சுட்டு ரெண்டுன்னு போட்டுக்கோயேன்."

"இப்ப ஞாபகத்துல சொல்றத எழுதக் கூடாது. ஒங்க வலிக் கணக்க மொத்தமா எடுத்துரணும். நெசமாச் சொன்னதையும் சேத்து."

"நெசத்த ஏன் எடுக்க? பாவம், அது என்ன செஞ்சுச்சு?"

"எது நெசம்னு இனிமே யாருக்குத் தெரியும், சொல்லுங்க?"

அவள் தாள்களைப் பொறுக்கிப் பையில் வைத்தாள். போகும்போது வாசலில் நின்று, "சார் என்னத் திட்டுவாரு. திட்டட்டும். ஷீட்டு மேல தப்பு இல்லல்ல, அது போதும்" என்றாள்.

அதற்குப் பிறகும் ஒன்பது மணிக்குப் போன் வந்தது. சட்டப்படி கேட்க வேண்டும் போல, கேட்டாள். நானும் இரண்டு, இரண்டு, ஒன்று என்று உண்மையே சொன்னேன். உண்மை சொன்னதால் எட்டு நாளைக்கு ஒருதரம் தவிர அவள் வரவில்லை. தைப் பொங்கலுக்குள் புண் மூடிவிட்டது. கடைசிப் போட்டோ எடுத்தாள். அதோடு போனும் நின்றது.

பல மாதம் கழித்து, போன வாரம் அவள் வந்தாள். கையில் அச்சடித்த தாள். கட்டுரை வெளியாகிவிட்டது, அவளுக்கு வேறு மாநிலத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. படத்தைக் காட்டினாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். அவள் சென்னையிலிருந்து திரும்பியிருந்தாள், நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"ஏமி வதினா, என்ன அண்ணி இவ்வளவு சத்தம்? காலு போட்டோவுக்கே இப்படின்னா மொகம் போட்டிருந்தா ஊரையே கூட்டியிருப்பீங்க."

"மொகத்தத்தான் எடுத்துட்டாளே!" என்றேன்.

அந்தப் பிள்ளை ஓரிடத்தில் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். ஒருவருடைய வலிப் பதிவை மட்டும் சேர்க்கவில்லை, தவறு என்று அவரே சொன்னதால் நீக்கினோம் என்று எழுதியிருக்கிறார்களாம். "இந்த ஒருத்தர் நீங்கதான் ஆச்சி" என்றாள். பெயர் கிடையாது. இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. நான் அந்த வரியைத் தடவிப் பார்த்தேன். என் கால் உள்ளே இருக்கிறது, என் முகங்கள் வெளியே நிற்கின்றன. கால் பொய் சொல்லவில்லை, அதனால் அதற்கு இடம் கிடைத்தது. சரிதானே.

அன்று மூன்று ஆளுக்குச் சோறு வடித்தேன். பிள்ளை இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரியும் பேரனைப் பார்க்கச் சென்னை போகிறாள். அந்த அட்டையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அது காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஒன்பது மணிக்கு நானே போய் அதன்மேல் விரலை வைக்கிறேன். கேட்க ஆள் இல்லாதபோது பொய் வருவதில்லை. சில நாள் விரல் இரண்டில் நிற்கிறது, சில நாள் ஐந்துக்குப் போகிறது. இன்றைக்கு எழுதுகிறவள் எதிரில் உட்கார்ந்திருப்பதால் ஒன்றில் வைத்தேன். மெய்யாகவே ஒன்றுதான். அடுத்த வாரம் எத்தனாவது முகம் என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.