ஏழு மூஞ்சி வலைப்பதிவு

இந்த ஊரில் வீடியோ கேம் விளையாடினால் பின்னால் நின்று யாரும் திட்டுவதில்லை. சுவீடனுக்கு வந்து மூன்று வருடமாகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிவியும் கேம் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கால்பந்து ஆடுவார்கள், நான்கு பேர் சோபாவில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். கோல் விழுந்தால் தலையாட்டுவார்கள். விழாவிட்டால் "நல்ல முயற்சி" என்பார்கள். கண்ணுக்கு முன்னால் திறந்து கிடக்கும் கோலை விட்டுவிட்டு பந்தை ஆகாயத்துக்கு அடித்தவனிடம், "ஒனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. சேர்ந்த முதல் வாரம் நான் அதை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். மறுநாள் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாரும் நலமா, சரியாகத் தூங்குகிறேனா என்று மிகுந்த பரிவோடு விசாரித்தார்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். என்னைப்போல் வெளியே வந்து கிடப்பவர்களுக்குச் சிரிப்பு வராது. நாங்கள் பாடம் படித்த இடம் அப்படி. தொண்ணூறுகளின் நடுவில், மதுரை முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்தில், என் நண்பன் துளசிராம் தன் அப்பாவின் சேலை வியாபார முன்னறையில் பாதியைத் திரை போட்டு மறித்து, இரண்டு பழைய டிவியை வைத்து கேம் கடை போட்டான். திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு சௌராஷ்டிரத்தில் சண்டை போடுவான். இந்தப் பக்கம் வந்து எங்களோடு தமிழில் தொடர்வான். நான் ஒத்தக்கடையிலிருந்து பஸ் ஏறிப் போவேன், கல்லூரிக்கு என்று சொல்லிவிட்டு. கேசட்டின் மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டு என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது ஏழோ எட்டோதான். அதே போர் டாங்கி சிவப்பாக வரும், பச்சையாக வரும், வேறு பெயரில் வரும். ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். ஊதினால் ஓடும். ஏன் என்று எந்தப் பொறியாளரும் இன்றுவரை எனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை, இத்தனைக்கும் நானே பொறியாளர். ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்கும் வசதியெல்லாம் கிடையாது. கடைசிக் கட்டத்தில் கரண்ட் போகும். உடனே பின்னால் நிற்கும் ஐந்து பேரும், மின்வாரியத்தை விட்டுவிட்டு, என்னைத் திட்டுவார்கள்.

இன்றைய விளையாட்டுகளை நான் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன். இப்போது ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக அசைகிறது. புல் எப்படி இருந்தால் எனக்கென்ன, நான் என்ன மாடா? இதையெல்லாம் எழுதித் தீர்க்கத்தான் சுவீடனுக்கு வந்த கையோடு தமிழில் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். எழுதுவது நான், அலங்காரம் துளசி. அதற்குள் அவன் கேம் கடையை மூடிவிட்டு, அதே அறையில் பிரௌசிங் சென்டரும், கூடவே ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைப்பும் தொடங்கியிருந்தான். கடவுச்சொல்லைக் கொடுத்தேன். இரண்டே நாளில் வலைப்பதிவை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் ஆக்கிவிட்டான். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மேலே ஓடும் வரி, கீழே ஓடும் வரி, மவுஸை அசைத்தால் சிதறும் நட்சத்திரங்கள். பக்கத்தின் தலைமாட்டில், எரியும் டாங்கிக்கு முன்னால், நானும் அந்தக் கேம் கடையின் ஆறு பேரும் வரிசையாக நின்றோம். துளசி கூலிங் கிளாஸ் போட்டு, காதில் செல்போன் வைத்திருந்தான். அவன் பெயருக்கு முன்னால் 'ஜாய்ஸ்டிக் வேந்தன்' என்று போட்டிருந்தது. வேந்தன் ஐந்தாம் கட்டத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஒரு காதுகுத்து என்றால் பேனரில் குழந்தை ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். மீதி இடம் முழுக்க மாமன்மாரும் நண்பர்களும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் தாய்மாமன் மண்டப வாசலோடு திரும்பிப் போவார். பேனரில் மூஞ்சி விட்டுப்போனால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். அடுத்த தலைமுறைதான் வந்து சமாதானம் பேச வேண்டும். இவ்வளவும் தெரிந்தவன்தான் நான்.

எங்கள் அலுவலகத்தில் யோஹான் என்று ஒரு வடிவமைப்பாளர். தங்கமான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஒருநாள் ஃபீக்கா நேரத்தில், அதாவது இவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காபியும் இனிப்பு பன்னும் சாப்பிடும் நேரத்தில், என் வலைப்பதிவைப் பெருமையாகத் திறந்து காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். நட்சத்திரங்கள் சிதறின.

"இவர்கள் யார்? தேர்தலில் நிற்கிறார்களா?"

"என் நண்பர்கள்."

"இவர்களும் இதில் எழுதுகிறார்களா?"

"இல்லை."

"அப்படியானால் இந்தப் பக்கத்தில் இவர்கள் என்ன செய்கிறார்கள்?"

"நிற்கிறார்கள்" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் சொல்லும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தை நினைத்துத்தான் இப்போது வெட்கப்படுகிறேன். 'லாகோம்' என்று இவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், அளவாகப் போதும் என்பது பொருள். யோஹான் அதை எனக்கு விளக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் தன் சொந்த வேலையை விட்டு உட்கார்ந்து, வலைப்பதிவையே அளவாக்கிக் கொடுத்தார். வெள்ளைப் பக்கம். நடுவில் கறுப்புக் கோடு போட்ட சட்டத்துக்குள் என் முகம் மட்டும், கறுப்பு வெள்ளையில், லேசான சிரிப்போடு. அடியில் என் பெயர். அதற்கும் அடியில், நான் முதன்முதலாக விளையாடிய வருடம், ஒரு சின்னக் கோடு, நடப்பு வருடம். சுற்றிலும் காலி இடம். அதைப் பார்த்தபோது நானே ஓர் ஐரோப்பியன் ஆகிவிட்டதுபோல் இருந்தது. பழைய வடிவமைப்புக்கு ஒரு பிரதிகூட எடுத்து வைக்காமல் அதன்மேலேயே இதை ஏற்றினேன்.

மதுரையில் அதே வடிவமைப்பில் தினமும் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருக்கும். அது ஒன்றுதான் என் பக்கத்தில் குறைந்தது.

நடந்ததைப் பிறகு அம்மா சொல்லித்தான் கோவையாகத் தெரிந்துகொண்டேன். துளசி காலையில் கடையைத் திறந்து, வழக்கம்போல் முதலில் என் வலைப்பதிவைத் தட்டியிருக்கிறான். அடுத்த நிமிடம் கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்திருக்கிறான். அந்த வருடக் கணக்குப்படி பார்த்தால் நான் பதினைந்து வயதில் செத்திருக்க வேண்டும், ஆனால் அழுகிறவன் கழித்தல் போட்டுப் பார்ப்பானா? வழியில் ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு ஒத்தக்கடை வீட்டு வாசலில் போய் நின்றபோது, அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாப்பா துளசி. என்ன கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? தூசியா? இப்பத்தேன் இவன் போன் பண்ணுனான். கடவாப்பல்லு வலிக்குதுன்னு பொலம்புறான். ஆமா, இம்புட்டுப் பெரிய மாலை யாருக்கு?"

"பிள்ளையாருக்கும்மா" என்றானாம். அம்மா கீரையை விட்டு எழுந்து, தெருமுனைப் பிள்ளையாருக்கு அவனோடு சேர்ந்து அதைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். என் பல்வலிக்காக வேண்டிக்கொண்டாளாம்.

துளசியிடமிருந்து எனக்குப் போன் வந்தபோது நான் யோஹானோடு சாப்பாட்டு அறையில் இருந்தேன். "மாப்ள" என்றேன். அந்தப் பக்கமிருந்து திட்டு விழுந்தது. மூன்று வருடமாக எனக்குக் கிடைக்காத திட்டு. அதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. எடுபட்ட பயலே என்பது அதிலேயே மரியாதையான பகுதி. விஷயம் புரிந்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரிப்பான் என்று காத்திருந்தேன்.

"சிரிக்கிறியா? நீ உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சதும் அம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சுடா. கடைக்கு வந்து திரும்பப் பாத்தேன். அப்பத்தேன் தெரிஞ்சுச்சு, எங்க ஆறு பேரையும் தூக்கிட்ட."

"டிசைன் மாத்துனேன் மாப்ள. இங்க எல்லாம்..."

"நீ நெசமாவே செத்திருந்தாக்கூட போஸ்டர்ல கீழ எங்க மூஞ்சி இருந்திருக்கும்டா. துயரத்துல பங்குகொள்ளும் நண்பர்கள்னு போட்டிருப்போம். அதுலகூட எங்களுக்கு எடமில்லாமப் பண்ணிட்டியே."

போனை வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு நின்ற இடத்திலேயே அழுகை வந்தது. யோஹான் பதறிப்போய், வீட்டில் யாரும் இறந்துவிட்டார்களா என்று கேட்டார். நான்தான் என்றேன். அவருக்கு மொத்தத்தையும் விளக்கி முடிக்க இரண்டு கோப்பைக் காபி பிடித்தது. கடைசியில் அவர் நெஞ்சில் கை வைத்து, நீக்கப்பட்ட ஆறு பேருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா என்றார். வேண்டாம், எழுதினால் யார் பெயர் முதலில் என்று அடுத்த சண்டை வரும் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு துளசி பேசவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை, வடிவமைப்பை மாற்றியது யோஹான் என்று எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. ஒரு வாரம் போனது, மூன்று வாரம் ஆனது. இவனோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், கேசட்டைக் கொண்டு மண்டையில் அடித்திருக்கிறேன், அன்றைக்கே சமாதானம் ஆகியிருக்கிறோம். இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆயிரம் பேர் படிக்கும் வலைப்பதிவு ஒன்றும் இல்லை அது. எண்ணிப் பார்த்தால் அந்த ஆறு பேரும் எங்கோ ஓரிருவரும்தான் படித்தார்கள். யாருக்காக எழுதினேனோ அவர்களையே துடைத்து எடுத்துவிட்டு, யாருக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்? பழைய பேனரைத் திரும்ப ஏற்றலாம் என்றால் அது அவனிடம்தான் இருந்தது. நானே ஏழு முகத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். காணாமல்போனவர்கள் அறிவிப்பு மாதிரி வந்தது. கடைசியில் பழைய கடவுச்சொல்லையே மறுபடியும் அனுப்பி, "நீயே செய் மாப்ள. என்ன செஞ்சாலும் சரி" என்று மட்டும் எழுதினேன்.

நான்கு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "அந்த வெள்ளக்காரன் போட்டோவ அனுப்பு." வேறு ஒன்றும் இல்லை. யோஹானுக்கு உயிரோடிருக்கும்போதே அஞ்சலி போடப்போகிறான் என்று நினைத்தேன். ஆனாலும் அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை வலைப்பதிவைத் திறந்தால் கண் கூசியது. நட்சத்திரங்கள் திரும்பி வந்திருந்தன. டாங்கி முன்னைவிடப் பெரிதாக எரிந்தது. ஆறு பேரும் இருந்தார்கள், துளசியை ஒட்டி யோஹானும் இருந்தார். கணினியிலேயே வரைந்து மாட்டிய கூலிங் கிளாஸ், தலைக்கு மேல் 'சுவீடன் தந்த சிங்கம்'. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலைப்பை மொழிபெயர்த்துச் சொன்னேன். காது சிவந்துபோனவர், இதைத் தன் அம்மாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

அப்புறம்தான் என்னைத் தேடினேன். வரிசையின் இடது கோடியில் கட்டம் போட்ட சட்டையில் நான், கேம் கடை நாட்களின் மீசையோடு. வலது கோடியிலும் நான், முன்பு இங்கிருந்து நான் அனுப்பிய என் படத்தில் போட்டிருந்த பனிக்கோட்டோடு. போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏண்டா ரெண்டு?" என்றேன்.

"நீ எங்கிட்டு இருக்கேன்னு எனக்கு வெளங்கல மாப்ள" என்றான். "அதேன் ரெண்டு பக்கமும் போட்டுட்டேன்."

பேனர் அவ்வளவு நீளம். யோஹானின் மேசையிலிருக்கும் அகலத் திரையில்கூட அது அடங்கவில்லை. இடப்பக்கம் இழுத்தால் கட்டம் போட்ட சட்டைக்காரன் வருகிறான், பனிக்கோட்டுக்காரன் போய்விடுகிறான். வலப்பக்கம் இழுத்தால் பனிக்கோட்டுக்காரன் வருகிறான், மற்றவனைக் காணோம். நடுவில் நிறுத்தினால் இரண்டு பேருமே இல்லை, துளசியும் மற்றவர்களும்தான் நிற்கிறார்கள்.